டெண்டர் பெட்டியும் தீண்டாமையும்

வாடிப்பட்டியிலிருந்து சோழவந்தான் போனாலும் அலங்காநல்லூர் போனாலும் சாலையோரத்தில் ஒரு பலகை நிற்கும். திட்டத்தின் பெயர், பணியின் பெயர், மதிப்பீடு இத்தனை லட்சம், ஒப்பந்ததாரர் இன்னார். அதே இடத்தில் காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஜல்லி சுமக்கிற பெண்களின் பெயர் அதில் இருக்காது. இருக்கவேண்டும் என்று யாரும் கேட்டதும் கிடையாது. வேலை செய்தவர் பெயர் இல்லாமல் வேலை எடுத்தவர் பெயர் மட்டும் எழுதப்படுவது நம் கண்ணுக்குப் பழகிப்போய்விட்டது.

தமிழ்நாட்டில் இந்தப் பலகையைப் படிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். வடநாட்டுக்காரன் இன்றைக்கும் செய்யாத காரியம் அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதனால் ஒன்று நடந்திருக்கிறது. எந்த மாநகராட்சியின், பேரூராட்சியின் ஒப்பந்ததாரர் பட்டியலை எடுத்தாலும் அது சாதியே இல்லாத பட்டியல்போலத் தெரிகிறது. முருகன், செல்வம், பாண்டி, ராஜா. அதே பட்டியலை ஊருக்குள் ஒரு டீக்கடையில் வாசித்துக்காட்டுங்கள். "அது இன்னார் மகன், இன்ன வகையறா, இவரு அவரோட மச்சினன்" என்று மூன்று நிமிடத்தில் முழுப் பட்டியலுக்கும் சாதி வந்துவிடும். டீக்கடைக்குத் தெரிந்தது அரசாங்கத்துக்கு மட்டும் தெரியாது.

அரசு வேலையில் பங்கு கேட்பது உரிமை என்று சட்டத்திலாவது ஒப்புக்கொண்டாகிவிட்டது. அரசு கொடுக்கிற ஒப்பந்தத்தில் பங்கு கேட்பது உரிமையா, பேராசையா? இதில் சாதி இந்துக்களின் பதில் நமக்குத் தெரியும். நம்ம ஆட்களே தடுமாறுகிறோம் என்பதுதான் விஷயம். ஒரு கூட்டத்தில் இதைப் பேசியபோது மூத்த தோழர் ஒருவர் எழுந்து, "கான்ட்ராக்டர் ஆகிறதுக்கா இத்தனை பேர் வெட்டுப்பட்டுச் செத்தான்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். கூட்டம் கைதட்டியது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. அது முழு நியாயமா என்று பார்க்கவேண்டும்.

முதலில் இது நேற்று முளைத்த கோரிக்கை இல்லை. 1942 ஜூலையில் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். மத்தியப் பொதுப்பணித்துறை அவர் பொறுப்பில் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் தாழ்த்தப்பட்டோரின் குறைகளை எல்லாம் தொகுத்து வைசிராய் லின்லித்கோவிடம் ஒரு நீண்ட மனு கொடுத்தார். மத்திய அரசு வேலையில் இடம், வெளிநாடு போய்ப் படிக்க உதவி என்று அதில் கேட்டதை நாம் மேடைதோறும் சொல்கிறோம். அதே மனுவில் பொதுப்பணி ஒப்பந்தங்களைப் பற்றியும் ஒரு குறை எழுதப்பட்டிருப்பதை நம் மேடைகள் சொல்வதில்லை. பொதுப்பணித்துறையின் ஒப்பந்தக்காரர்கள் ஆயிரத்துக்கு மேல்; அதில் தாழ்த்தப்பட்டவர் ஒரே ஒருவர். துறையின் தலைமையில் உட்கார்ந்த உடனே அந்த மனிதர் பட்டியலை வாங்கி எண்ணிப் பார்த்திருக்கிறார். வேலைக் கோரிக்கைக்குப் பதிலாக 1943-இல் மத்தியப் பணிகளில் 8.33 சதவீதம் வந்தது. ஒப்பந்தக் கோரிக்கை ஏட்டிலேயே கிடந்தது. நாமும் அதை எடுத்துத் தூசி தட்டவில்லை.

ஏன் தட்டவில்லை? வேலை என்றால் மாதச் சம்பளம், பென்ஷன், பிள்ளை படிப்பு என்று கண்முன்னே தெரிகிறது. ஒப்பந்தம் என்றால் 'ஊழல்' என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் கிராமத்தில் அதிகாரம் இன்று எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நஞ்சை வைத்திருந்தவர் அதிகாரம் செய்த காலம் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் விளைகிற நெல்லை நம்பி இன்று யாரும் சட்டமன்றத் தேர்தலில் பணம் இறக்குவதில்லை. இறக்குகிற பணம் சாலையிலிருந்து வருகிறது, வாய்க்கால் தூர்வாருவதிலிருந்து வருகிறது, தெருவிளக்கிலிருந்தும் குப்பையிலிருந்தும் வருகிறது. யாரை வேலைக்குக் கூப்பிடுவது, எந்தத் தெருவில் முதலில் கல் இறக்குவது, காலனிக்குப் போகிற சாலையை எந்த இடத்தில் முடித்துக்கொள்வது, இதெல்லாம் ஒப்பந்தக்காரர் கையில். அப்பன் பண்ணையாள் வைத்திருந்தான். மகன் 'லேபர்' வைத்திருக்கிறான். பண்ணையாளுக்கும் லேபருக்கும் தெரு ஒன்றுதான்.

இனி, நம்மவர் ஏன் அந்தப் பட்டியலில் வருவதில்லை என்ற கேள்வி. "யார் வேண்டுமானாலும் டெண்டர் போடலாமே, யார் தடுத்தது?" என்பார்கள். என் சித்தப்பா மகன் ஒருவன் சிவிலில் டிப்ளமா முடித்தவன். ஒப்பந்ததாரராகப் பதியப் போனான். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். எந்த அலுவலகமாக இருந்தாலும் கதை இதுதான். பதிவுக்குச் சொத்து மதிப்புச் சான்று வேண்டும், சால்வன்சி என்பார்கள். அவனுக்கு இருப்பது ஆதிதிராவிடர் நலத்துறை அப்பாவுக்குக் கொடுத்த மூன்று சென்ட் இலவச மனையும் அதில் கட்டிய வீடும். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "தம்பி, இது அரசாங்கம் நிபந்தனை போட்டுக் கொடுத்த எடம். விக்க முடியாது, அடமானம் வைக்க முடியாது. இதுக்கு நான் என்னப்பா மதிப்புப் போடுறது?" அவர் பொய் சொல்லவில்லை. அரசு கொடுத்த மனையை அரசே சொத்தாக மதிக்காது.

சித்தப்பா மகன் விடவில்லை. தாய்மாமன் ஒருவரின் பட்டா நிலத்தைக் காட்டிக் கடைசி வகுப்பில் பதிந்தான். அதற்குப் பிறகு முன்வைப்புத் தொகை. இந்தத் தொகை வேலை கிடைக்காவிட்டால் திரும்பி வரும், ஆனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அந்தக் காசை மூன்று மாதம் முடக்கிப்போட வட்டிக்கு வாங்கவேண்டும். அதற்குப் பிறகு முன் அனுபவம். இதே மாதிரி வேலை இத்தனை லட்சத்துக்குச் செய்திருக்கவேண்டும். செய்யாதவனுக்கு வேலை இல்லை, வேலை இல்லாதவனுக்கு அனுபவம் இல்லை. பாரம் கேட்டால் "தீந்துபோச்சுப்பா" என்கிற காலம் ஒன்று இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் நாலு பேர் நின்றுகொண்டு உள்ளே போடவிடாத காலமும் இருந்தது. இப்போது மின்னணு டெண்டர் வந்துவிட்டது, பெட்டி இல்லை. ஆனால் விலைப்புள்ளியை ஏற்றிவிட்டு வீட்டுக்கு வருவதற்குள் போன் வந்தது. "யாரைக் கேட்டுப் போட்ட? இந்த வேலை இன்னாருக்குன்னு பேசி முடிச்சாச்சுல்ல?" பெட்டி கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது, அந்த நாலு பேர் போகவில்லை. அவன் இப்போது இன்னொருவர் பெயரில் எடுத்த வேலைக்கு மேஸ்திரியாக நிற்கிறான். வரைபடம் படிப்பது அவன், மட்டம் பார்ப்பது அவன், அளவுப் புத்தகத்துக்குக் கணக்கு எழுதித் தருவது அவன். லாபம் வேறு வீட்டுக்குப் போகிறது.

இதில் சாதி எங்கே வந்தது என்பார்கள். யாரும் சாதிப் பெயரைச் சொல்லவில்லை. அதுதான் கவனிக்கவேண்டியது. வேலையில் இடஒதுக்கீடு கேட்டபோது 'தகுதி, திறமை' என்றார்கள். அங்கே தகுதி என்றால் மதிப்பெண். நம் பிள்ளைகள் விழுந்து விழுந்து படித்து அந்த மதிப்பெண்ணையும் எட்டிப்பிடித்துவிட்டார்கள். ஒப்பந்தத்தில் தகுதி என்றால் மதிப்பெண் இல்லை, நிலம். நிலம் எப்படி யாரிடம் போனது என்பது செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அறிக்கைக்குப் பிறகு 1892-இல் கொடுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களின் கதை. நமக்குக் கொடுத்த நிலத்தை நிபந்தனையை மீறி எழுதி வாங்கியவர் வாரிசு இன்று அதே நிலத்தைச் சால்வன்சியாகக் காட்ட முடிகிறது. பறிகொடுத்தவர் வாரிசு காட்டச் சொத்தில்லாமல் நிற்கிறார். அதன் பெயர் தகுதிக் குறைவு. பறித்த குற்றம் ஒருவனுக்குத் தகுதியாகவும், பறிகொடுத்த துயரம் இன்னொருவனுக்குத் தகுதிக் குறைவாகவும் மாறுகிற இடம் இது. இதற்கு ஒரு தனிப்பட்ட சாதி வெறியன்கூடத் தேவையில்லை. விதிப்புத்தகமே போதும்.

'குறைந்த விலை கேட்டவருக்கு வேலை, இதைவிட நியாயம் உண்டா' என்ற வாதமும் அப்படித்தான். ஒருவர் எப்படிக் குறைந்த விலை கேட்கிறார்? சிமெண்ட் விலை எல்லோருக்கும் ஒன்று, கம்பி விலை ஒன்று. குறைக்க முடிகிற இடம் கூலி. அதிலும் சித்தாள் கூலி. எங்கள் பக்கம் கொத்தனாருக்குக் கொடுப்பதில் பாதியைத் தொட்டால் சித்தாளுக்கு அதிகம். சமக் கூலிச் சட்டம் 1976-இலேயே வந்தது. கொத்தனாரும் சித்தாளும் வேறு வேறு வேலை என்று சொல்லி அதைத் தாண்டிக்கொள்கிறார்கள். கலவை சுமக்கிற பெண் இருபது வருடம் சுமந்தாலும் கரண்டியைக் கையில் கொடுப்பதில்லை. ஆக, குறைந்த விலைப்புள்ளி என்று அரசு கொண்டாடுவது சேரிப் பெண்ணின் கூலியில் வெட்டியது. அரசு அதைச் சிக்கனம் என்று கணக்கில் எழுதுகிறது.

சொந்தக் காசில் வீடு கட்டுகிறவர் யாரிடம் வேண்டுமானாலும் வேலை கொடுக்கட்டும். அரசு அப்படிச் செய்ய முடியாது. 1979-இல் ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில் உச்சநீதிமன்றம் இதைச் சொன்னது. பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்துகிற ஒப்பந்தம் பற்றிய வழக்கு அது. அரசு ஒப்பந்தம் கொடுக்கும்போது தனிமனிதரைப்போல இஷ்டத்துக்குக் கொடுக்கக்கூடாது, சமத்துவ விதி அங்கேயும் செல்லும் என்பது தீர்ப்பு. தீப்பெட்டி வாங்கினாலும் சோப்பு வாங்கினாலும் சேரியும் வரி கட்டுகிறது. அந்தப் பணம் தெருவில் இறங்கும்போது ஒரு பக்கமாகவே இறங்கினால் அதைச் சமத்துவம் என்று எப்படிச் சொல்வது? ஒப்பந்தத்தில் பங்கு என்பதை நான் சலுகையாகக் கேட்கவில்லை. இட்லிக்கடைக்குப் பொருந்துகிற அரசமைப்பு இந்தத் தெருவுக்கும் பொருந்துமா என்று கேட்கிறேன்.

மேலவளவை இந்தக் கோணத்திலும் பார்க்கவேண்டும். 1996-இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி ஒதுக்கப்பட்டது. மிரட்டல், தேர்தல் நிறுத்தம், மறுதேர்தல் எல்லாம் தாண்டி ஆண்டின் இறுதியில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரையில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பியபோது முருகேசனும் துணைத்தலைவர் மூக்கனும் உள்ளிட்ட ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். 'பறையன் நாற்காலியில் உட்கார்வதா' என்ற வெறி என்று எழுதினோம். உண்மைதான். ஆனால் அந்த நாற்காலிக்கு முன்னால் ஒரு மேசை உண்டு. அந்த மேசையில்தான் கண்மாய் மீன்பாசி ஏலம், புளியமர ஏலம், சாலை வேலை, குடிநீர்த் தொட்டி வேலை எல்லாம் கையெழுத்தாகும். தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொண்டதை இனி ஒரு சேரிக்காரர் கூறு போடுவார் என்பதும் அந்த அரிவாளில் இருந்தது. உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் 2006 வரை பத்து ஆண்டு தேர்தல் நடக்கவிடாமலும், நடந்தால் வென்றவரை உடனே ராஜினாமா செய்யவைத்தும் ஓட்டினார்களே, அங்கேயும் வெறும் கௌரவம் மட்டுமா காரணம்?

வெட்டாமலும் வேலையை முடிக்கலாம் என்று பிறகு கண்டுகொண்டார்கள். தமிழ்நாட்டு ஊராட்சியில் காசோலைக்குத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடவேண்டும். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு, துணைத்தலைவருக்குக் கிடையாது. தலித் தலைவருக்குப் பக்கத்தில் ஆதிக்கச் சாதித் துணைத்தலைவர். அவர் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சும்மா இருந்தால் போதும். தெருவிளக்கு எரியாது, மோட்டார் ஓடாது, துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் போகாது. மூன்று மாதத்தில் சேரியே வந்து தலைவரை ஏசும். பிறகு ஒரு நாள் ராத்திரி சமாதானம் பேசுவார்கள். "வேலை யாருக்குன்னு நாங்க சொல்றோம், நீ கையெழுத்து மட்டும் போடு." சாலை வேலைக்கு யார் பெயர் எழுதுவது என்பதே அந்தச் சமாதானத்தின் ஒரே நிபந்தனை. 2019 டிசம்பர் தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது, இப்படிக் கையெழுத்து மட்டும் போட்டுக் காலத்தை ஓட்டிய நம் தலைவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டு எழுதியிருக்கவேண்டும்.

தலைவர் பெண்ணாகவும் இருந்துவிட்டால் கதை இன்னும் கெட்டி. உள்ளாட்சியில் பெண்களுக்கு 1994 சட்டம் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தது. 2016 திருத்தம் பாதி கொடுத்தது. கணவர் வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்வது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஒப்பந்தத்தில் பெண் பெயர் வேறு விதமாக வரும். மனைவி பெயரில் பதிவு, மருமகள் பெயரில் ஏஜென்சி. அந்தப் பெண்ணுக்குத் தன் பெயரில் எத்தனை லட்சத்துக்கு வேலை ஓடுகிறது என்று தெரியாது. தடுப்புச்சுவர் சரிந்தால் நோட்டீஸ் வரும்போது தெரியும். இந்தக் கணக்கை எடுத்து "பெண் தொழில்முனைவோர் பெருகிவிட்டனர்" என்று எழுதினால் எழுதலாம்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. நகர்ப்புறத்தில் தூய்மைப் பணியாளர்களை மகளிர் சுயஉதவிக் குழு வழியாக வேலைக்கு எடுக்கிறார்கள். காகிதத்தில் குழு அரசுக்கு வேலை செய்து தருகிறது. அந்தப் பெண்கள் குழு உறுப்பினர்கள். ஆகவே அவர்கள் அரசின் தொழிலாளர்கள் இல்லையாம். பத்து வருடம் குப்பை அள்ளிய அருந்ததியர் பெண்ணிடம் "நீங்க தொழிலாளி இல்லம்மா, தொழில்முனைவோர்" என்று சொல்வதற்கு ஒரு ஏற்பாடு. ஒப்பந்தக்காரர் பட்டியலில் நம் பெண்கள் வருகிற ஒரே இடம் இதுதான்: தங்கள் உடம்பைத் தாங்களே குறைந்த விலைக்கு அரசுக்குக் கொடுக்கிற ஒப்பந்தம்.

சாதி, நிறம் பார்க்காத டெண்டர் என்று சொல்லப்படுவதை எண்ணிப் பார்த்த ஊர் ஒன்று அமெரிக்காவில் உண்டு. வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட். அடிமை முறையைக் காக்கப் போர் நடத்திய தென்மாநிலங்களுக்குத் தலைநகராக இருந்த ஊர். நகர மக்களில் பாதிப்பேர் கறுப்பர். 1978 முதல் 1983 வரை நகராட்சி நேரடியாகக் கொடுத்த கட்டுமான ஒப்பந்தங்களில் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குப் போனது 0.67 சதவீதம். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. கறுப்பர் பெரும்பான்மையாக இருந்த நகர மன்றம் 1983-இல் ஒரு விதி போட்டது: ஒப்பந்தம் எடுக்கிறவர் அதில் 30 சதவீத வேலையைச் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குத் துணை ஒப்பந்தமாகத் தரவேண்டும். அதை எதிர்த்து கிரோசன் என்ற நிறுவனம் வழக்குப் போட்டது. எந்த வேலைக்கு என்று நினைக்கிறீர்கள்? நகரச் சிறையில் கழிப்பறைச் சாதனங்கள் பொருத்துகிற வேலை. கழிப்பறை கழுவுவதில் நிறத்துக்கு இடம் கொடுத்த சமூகம், கழிப்பறை பொருத்துகிற லாபத்தில் நிறம் பார்க்கக்கூடாது என்று நீதிமன்றம் போனது. 1989 ஜனவரியில் அமெரிக்க உச்சநீதிமன்றம் நகராட்சியின் விதியை ரத்து செய்தது. இந்த ஊரில் இந்தத் தொழிலில் பாகுபாடு நடந்தது என்பதற்குப் போதிய சான்று காட்டவில்லை என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷல் அதை மறுத்துத் தனித் தீர்ப்பு எழுதினார்.

தோற்ற வழக்குதான். ஆனால் அதற்குப் பிறகு அந்த நாட்டு நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்கெடுக்க ஆரம்பித்தன. எத்தனை நிறுவனங்கள் வேலை செய்யத் தயாராக இருக்கின்றன, அதில் கறுப்பர் நடத்துவது எத்தனை, பெண்கள் நடத்துவது எத்தனை, அவர்களுக்குப் போன பணம் எவ்வளவு என்று. சான்று கேட்டாயா, இந்தா என்று எடுத்துப் போடுவதற்கு. நம் ஊரில் அந்தச் சான்று கிடையாது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் ஒப்பந்ததாரரின் சாதி பதியப்படுவதில்லை என்று பதில் வரும். எண்ணாமல் இருப்பதே நடுநிலை என்று நம்பவைத்துவிட்டார்கள். குப்பை அள்ளுகிறவரைச் சேர்க்கும்போது மட்டும் சாதியை யாரும் மறப்பதில்லை.

இப்போது அந்த மூத்த தோழரின் கேள்விக்கு வருகிறேன். 2022 ஏப்ரலில் மதுரை பழங்காநத்தம் நேரு நகரில் மாநகராட்சியின் கழிவுநீர்த் தொட்டியில் மோட்டார் வேலைக்குப் போன மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி இறந்தார்கள். மனிதரை மலக்குழியில் இறக்கக்கூடாது என்று 2013-இல் சட்டம் வந்திருந்தது. இறந்தால் 10 லட்சம் கொடு என்று 2014-இல் உச்சநீதிமன்றம் சொல்லியிருந்தது. 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. சாவுக்கு விலை ஏறியது. இறக்குகிறவர் மாறவில்லை, ஏனென்றால் இறக்குகிறவர் மாநகராட்சி இல்லை, ஒப்பந்தக்காரர். அவருக்குக் கீழே துணை ஒப்பந்தக்காரர். அதற்குக் கீழே மேஸ்திரி. ஒப்பந்தம் என்பது இங்கே வேலை செய்கிற முறை இல்லை. பொறுப்பைக் கை மாற்றுகிற முறை. இந்த ஒப்பந்தத்தில் 18 சதவீதம் நமக்குக் கொடு என்று கேட்டு, ஒரு தலித் ஒப்பந்தக்காரர் வந்து, அவர் மூன்று தலித்துகளைக் குழியில் இறக்கினால் நமக்கு என்ன கிடைத்தது? தோழர் கேட்டது இதைத்தான். அந்த அளவில் அவர் சொன்னது சரி.

சென்னையில் இதன் இன்னொரு முகத்தைப் பார்த்தோம். 2022-இல் சென்னை மாநகராட்சிக்கு முதல் தலித் பெண் மேயராக ஆர். பிரியா வந்தார். திரு.வி.க. நகர்ப் பகுதியிலிருந்து தேர்வானவர். நாமெல்லாம் மகிழ்ந்தோம், மகிழ வேண்டியதுதான். 2025-இல் அதே திரு.வி.க. நகர் மண்டலமும் ராயபுரம் மண்டலமும் தனியார் நிறுவனத்துக்குக் குப்பை ஒப்பந்தமாகப் போயின. ஆண்டுக்கணக்காக அங்கே குழு வழியாக வேலை பார்த்த தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்தார்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களைத் தூக்கி அப்புறப்படுத்தியது. நான் மேயரைத் தனியாகக் குறை சொல்ல வரவில்லை. நம் சட்டப்படி மேயரின் அதிகாரம் எவ்வளவு, ஆணையரின் அதிகாரம் எவ்வளவு என்பது தெரிந்ததுதான். 1973-இல் அட்லாண்டா நகரத்துக்கு முதல் கறுப்பின மேயராக வந்த மேனார்ட் ஜாக்சன், விமான நிலைய விரிவாக்க வேலையில் நான்கில் ஒரு பங்கு சிறுபான்மையினருக்கு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அவர் கையில் ஒப்பந்தத்தை நிறுத்துகிற அதிகாரம் இருந்தது. இங்கே நாற்காலிக்கு இடஒதுக்கீடு உண்டு, கோப்புக்குக் கிடையாது.

ஆகவே எல்லா ஒப்பந்தமும் ஒன்று இல்லை என்று பிரித்துப் பேசவேண்டும். சாலை, கட்டடம், பாலம், பள்ளிக்கூடத்துக்கு மேசை நாற்காலி, விடுதிக்கு அரிசி பருப்பு, இவையெல்லாம் அரசு வெளியிலிருந்து வாங்குகிறவை. யாரிடமிருந்தாவது வாங்கத்தான் போகிறது. அங்கே நமக்குப் பங்கு வேண்டும். குப்பை அள்ளுவது, சாக்கடை பராமரிப்பது, மருத்துவமனையில் தரை துடைப்பது, இவை நேற்றுவரை அரசு வேலைகள். அவற்றை ஒப்பந்தமாக்கியதன் நோக்கமே, அங்கே இருந்த கொஞ்சம் தலித்துகளின் நிரந்தர வேலையையும் ஓய்வூதியத்தையும் பறிப்பது. சென்னையில் 2000-இல் ஓனிக்ஸ் வந்தது முதல் இதைப் பார்த்துவருகிறோம். அந்த ஒப்பந்தத்தில் பங்கு கேட்பது, திருடப்பட்ட நம் பொருளில் நமக்கு ஒரு கூறு கேட்பதுபோல. அங்கே கேட்கவேண்டியது ஒப்பந்தமே கூடாது என்பதை. இரண்டு கோரிக்கையும் ஒன்றுக்கொன்று முரண் என்று சில மார்க்சியத் தோழர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பிரித்துச் சொல்லத் தெரியாமல் ஒன்றை விட்டதால் இரண்டையும் இழந்திருக்கிறோம் என்றுதான் தெரிகிறது.

பங்கு கொடுக்க முடியுமா என்றால் பக்கத்திலேயே கொடுத்திருக்கிறார்கள். கர்நாடகம் 2016-இல் தன் பொதுக்கொள்முதல் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தைத் திருத்தி, 50 லட்சம் ரூபாய்வரை மதிப்புள்ள பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 17.15 சதவீதமும் பழங்குடியினருக்கு 6.95 சதவீதமும் ஒதுக்கியது. 2023-இல் அந்த வரம்பை ஒரு கோடியாக்கியது. மத்திய அரசு 2012-இல் சிறு, குறு நிறுவனங்களிடம் கொள்முதல் செய்கிற ஆணை போட்டது. பட்டியல் சாதி, பழங்குடியினர் நிறுவனங்களுக்கு அதில் 4 சதவீதம். 2018-இல் பெண்களுக்கு 3 சதவீதம் சேர்த்தது. அந்த 4 சதவீதம் பல ஆண்டுகள் 1 சதவீதத்தைக்கூடத் தாண்டவில்லை. கர்நாடகச் சட்டம் சின்ன வேலைகளைக் குறிவைத்தது. சின்ன வேலையில்தான் புதிதாக வருகிறவர் கால் ஊன்ற முடியும். தமிழ்நாட்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ஆம் ஆண்டுச் சட்டம். சமூகநீதி மாநிலம் என்று நாள்தோறும் சொல்லிக்கொள்கிறவர்கள் கர்நாடகத்தைப் பார்த்து அதைத் திருத்தலாமே. திருத்தும்போது சால்வன்சி விதியையும் தொடவேண்டும். தாட்கோ என்று 1974-இல் ஒரு கழகம் எதற்கு ஆரம்பித்தார்கள்? நிலம் காட்ட முடியாதவருக்கு அந்தக் கழகம் பிணை நிற்கட்டும். முன்வைப்புத் தொகையை அதுவே கட்டட்டும்.

நமக்குள்ளேயும் ஒன்று பேசவேண்டும். 18 சதவீதம் என்று ஒன்று வந்தால் அதை யார் எடுப்பார்? கொஞ்சம் நிலமும் கொஞ்சம் கட்சித் தொடர்பும் உள்ள பத்து வீடுகள் எடுத்துக்கொள்ளும். அருந்ததியருக்கு வழக்கம்போலத் துடைப்பம் மிஞ்சும். வேலைக்கு 2009-இல் தனிச் சட்டம் போட்டு 3 சதவீதம் பிரித்தோம். உள்ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஒப்பந்தத்தில் மட்டும் அதைப் பிறகு பார்க்கலாம் என்று யாரும் சொல்லவேண்டாம். தலித் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிற சித்தாளுக்கு என்ன கூலி என்பதையும் அதே சட்டத்தில் எழுதவேண்டும். பங்கு வாங்கியவர் பாதிக் கூலி கொடுத்தால் பதிவை ரத்து செய்.

சட்டம் வருகிறவரை மாணவத் தோழர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அவரவர் பேரூராட்சி, ஒன்றியம், மாநகராட்சியில் கடந்த பத்தாண்டில் கொடுத்த வேலைகளின் பட்டியலைத் தகவல் உரிமையில் வாங்குங்கள். சாதியைக் கேட்காதீர்கள், தரமாட்டார்கள். பெயர், வேலை, தொகை போதும். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்குள் பெரியவர்களிடம் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகக் கேளுங்கள். தனிப்பட்டவர் பெயரை வெளியே விடவேண்டாம், எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள். ஆயிரத்துக்கு ஒன்று என்று 1942-இல் அம்பேத்கர் எழுதினாரே, அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு எண் நமக்கு வேண்டும். பெண் பெயர் வந்தால் அங்கே கொஞ்சம் நில்லுங்கள். வேலைத்தளத்துக்கு வருவது யார், பில் பாஸானால் பணத்தை எடுப்பது யார் என்று கேட்டுவிட்டு, பிறகு அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று முடிவு செய்யுங்கள்.